நான்காவது பெட்டி வாங்குவதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டு வைஃபை பற்றி வந்த கடிதங்களில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை இம்முறை மிகுதி. ஊர்கள் வேறு, வீடுகள் வேறு என்றாலும், இரண்டு மூன்று மெஷ் பெட்டிகளை (வீட்டின் பல இடங்களில் நின்று, ஒன்றோடொன்று பேசி, ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) பணம் கொடுத்து வாங்கி வைத்த பிறகும் நெட் விட்டுவிட்டுத்தான் வருகிறது என்ற குறை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே, வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில், கீழும் மேலுமாக இரண்டு தளம். பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மகனுக்காக மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வாங்கினோம். அவன் மாடி அறையில் ஒரு பெட்டி அவன் மேசை மேலேயே இருக்கிறது. கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனால் வீடியோ மீட்டிங் நடுவில் படம் நின்றுவிடுகிறது, குரல் அறுந்து அறுந்து வருகிறது. கடைக்காரர் இன்னொரு பெட்டி சேர்க்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இருக்கும் மூன்றில் ஒன்றைக் கழற்றி வைத்தால்கூட இப்போதைவிட நன்றாக ஓடக்கூடும் என்பது என் ஊகம்.

கைபேசியின் மூலையில் தெரியும் கோடுகள், கைபேசிக்கும் அது பற்றிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் இடையே சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. அந்தப் பெட்டி, கீழே ஃபைபர் இணைப்போடு பொருத்தப்பட்டிருக்கும் தலைமைப் பெட்டியோடு எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அந்தக் கோடுகளில் தெரியாது. பெட்டியை மேசை மேல் வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தால் கோடுகள் முழுமையாகத்தான் இருக்கும். தெருக் குழாயில் தண்ணீர் வராதபோது வீட்டுக் குழாயைப் புதிதாக மாற்றி என்ன பயன்? பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடும் அந்த இணைப்பைக் கையேடுகள் பேக்ஹால் என்று குறிப்பிடும். மெஷ் வீடுகளில் 'நெட் சுத்துகிறது' என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது என்பது நான் நேரில் பார்த்த வீடுகளிலிருந்து எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

உங்கள் வீட்டிலும் அங்கேதானா என்பதை ஒரு மடிக்கணினியும் ஒரு லேன் கேபிளும் இருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். முதலில் மடிக்கணினியைத் தலைமைப் பெட்டியோடு கேபிளால் நேராக இணைத்து வேகத்தைப் பாருங்கள். மாதாமாதம் நீங்கள் பணம் கட்டும் வேகம் இங்கேயே வரவில்லை என்றால், மெஷ் பெட்டிகளைக் குறை சொல்ல இடமில்லை. குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறது. இங்கே சரியாக வந்தால், அதே மடிக்கணினியையும் அதே கேபிளையும் மாடிக்குக் கொண்டுபோய், மாடிப் பெட்டியின் பின்புறத்தில் செருகி மறுபடியும் பாருங்கள். கேபிளில் செருகியதால், மடிக்கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலான காற்றுவழி கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. கீழே 100 மெகாபிட் வந்து மேலே 20 மட்டும் வந்தால், மீதி 80 பெட்டிகளுக்கு நடுவேதான் தொலைந்திருக்கிறது.

வேகச் சோதனை அந்த நிமிடத்து நிலையை மட்டுமே சொல்லும் என்பதால், விட்டுவிட்டு வரும் குறை அதில் பிடிபடாமல் போகலாம். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பிங் கட்டளைதான் அதற்கு உதவும். விண்டோஸ் கணினியில் கறுப்பு நிறக் கட்டளைத் திரை இரண்டைத் திறந்து, ஒன்றில் தலைமைப் பெட்டியின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவது), மற்றொன்றில் வெளியுலகில் எப்போதும் விழித்திருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கும் நிற்காமல் பிங் அனுப்பச் செய்து, மகன் மீட்டிங்கில் இருக்கும் நேரம் முழுவதும் ஓடவிடுங்கள். தலைமைப் பெட்டியிலிருந்து வரும் பதில் வழக்கமாகச் சில மில்லி நொடிகளுக்குள் வந்துவிடும். படம் நின்ற அதே நேரத்தில் அந்தத் திரையில் எண் 300, 500 என்று தாவியிருந்தாலோ பதிலே வராமல் போயிருந்தாலோ, குறை வீட்டுக்குள். அந்தத் திரை அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் தடுமாறியிருந்தால், குறை வாசலுக்கு வெளியே. நிறுவனத்தாரிடம் பேசும்போது இந்த இரண்டு திரைகளின் படத்தை எடுத்து அனுப்புங்கள். 'ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்' என்ற முதல் பதிலைத் தாண்டிப் போக அது துணை செய்யும்.

குறை வீட்டுக்குள்தான் என்று தெரிந்துவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்டி நிற்கும் இடம். சிக்னல் எங்கே இல்லையோ அங்கே பெட்டியை வைப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் தலைமைப் பெட்டியின் சிக்னல் எட்டாத இடத்தில் வைக்கப்படும் பெட்டிக்கும் அதே சிக்னல் எட்டாது. தான் அரைகுறையாகக் கேட்டதை அது உரத்த குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில், அதாவது தலைமைப் பெட்டிக்கும் சிக்னல் இல்லாத அறைக்கும் ஏறக்குறைய நடுவில், அது நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த இடம் மாடிப்படி திரும்பும் தளமாக இருக்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை ஊடுருவிப் போவதைவிட, படிக்கட்டின் திறந்த வெளி வழியாக அலை மேலேறுவது எளிது.

உங்கள் மாவட்டத்தில் கிரானைட்டுக்குக் குறைவில்லை; முகப்புச் சுவர், படி, சமையல் மேடை என்று எல்லா இடத்திலும் அதைப் பதிக்கிறார்கள். கிரானைட்தான் சிக்னலைத் தின்கிறது என்று எழுதியிருக்கும் வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இரண்டு சென்டிமீட்டர் பலகையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் சுவரும் தூணும் கம்பியும்தான் பெரிய தடை. முழுக் கருங்கல்லில் எழுப்பிய பழைய சுவர் என்றால் அது வேறு கதை. இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பின்னால் பெட்டியை ஒளித்து வைக்கவே கூடாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தொலைக்காட்சிக்குப் பின்னால், மர அலமாரிக்குள், தரையோரம் என்று கண்ணுக்குத் தெரியாத இடம் தேடுவது வீட்டு அழகுக்கு நல்லது, வைஃபைக்கு நல்லதல்ல.

பெட்டியை நகர்த்திய பின் அதன் செயலியில் பேக்ஹால் சிக்னல் எவ்வளவு என்று பாருங்கள். அது டி.பி.எம். என்ற அலகில், கழித்தல் குறியோடு இருக்கும். சுழியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வீடியோ பேச்சுக்குக் கழித்தல் 67-க்குக் கீழே போகாமல் இருப்பது நலம் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பெட்டிகளுக்கு நடுவே அதைவிடச் சற்று நன்றாகவே, கழித்தல் 60-ஐ ஒட்டி இருக்கப் பாருங்கள். கழித்தல் 60-க்கும் 70-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த அலகில் பத்து குறைந்தால் வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது.

இனி, நான்காவது பெட்டி ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். விலை குறைந்த மெஷ் பெட்டிகளில், வைஃபை இயங்கும் அலைக்கற்றைகளான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரேடியோ, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரேடியோ என்று இரண்டுதான் இருக்கும். மாடிப் பெட்டி கீழிருந்து ஒரு செய்தியை வாங்குவதும், அதையே மடிக்கணினிக்கு அனுப்புவதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவால்தான். ஒரே வாயால் இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேச முடியாது என்பதால், ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. தலைமைப் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று சங்கிலியாக நீண்டால், மூன்றாவதில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால்வாசிதான் மிஞ்சும். பெட்டிகள் அனைத்தும் ஒரே அலைவரிசையில் பேசுவதால், ஒன்று பேசும்போது மற்றவை வாய்மூடிக் காத்திருக்கவும் வேண்டும். நான்காவது பெட்டி வந்தால் காத்திருப்போர் வரிசையில் இன்னொருவர் சேர்வார். பேக்ஹாலுக்கென்றே மூன்றாவது ரேடியோ கொண்ட மெஷ் வகைகளில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து, தலைமைப் பெட்டியிலிருந்து மாடி அறைக்கு ஒரே ஒரு லேன் கேபிள் இழுத்து மாடிப் பெட்டியில் செருகிவிட்டால், காற்றில் பேசும் வேலையே அதற்கு இல்லாமல் போகும். சுவரில் துளையிட வீட்டார் சம்மதிப்பார்களா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் அதற்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

கேள்வி: தருமபுரி நகரில் இருக்கிறோம். ஃபைபர் நிறுவனத்தார் கொடுத்த பெட்டியிலும் வைஃபை வருகிறது, நாங்கள் வாங்கிய மெஷ் பெட்டிகளிலும் வருகிறது. கைபேசி இதற்கும் அதற்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. அச்சுப்பொறி சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் காணவில்லை என்கிறது. எது பழுது?

பதில்: எதுவும் பழுதில்லை. உங்கள் வீட்டில் இரண்டு எசமானர்கள் இருக்கிறார்கள்.

நிறுவனத்தார் பொருத்திய பெட்டி, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றும் ஓ.என்.டி.; அதற்குள்ளேயே ஒரு ரூட்டரும் வைஃபையும் சேர்ந்திருக்கின்றன. அதில் நீங்கள் செருகிய மெஷ் தலைமைப் பெட்டியும் ஒரு ரூட்டர்தான். வீட்டுக் கருவிகளுக்கு உள் முகவரி வழங்குவது ரூட்டரின் வேலை என்பதால், இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கி, ஒரே வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகளை உண்டாக்கிவிடுகின்றன. ஓ.என்.டி.யின் வைஃபையில் அச்சுப்பொறி இருந்து, மெஷ் வைஃபையில் உங்கள் கைபேசி இருந்தால், அச்சுப்பொறி இருக்கும் வலையிலிருந்து பார்க்கும்போது கைபேசி ஒரு சுவருக்குப் பின்னால் நிற்கிறது; அச்சுப்பொறியைத் தேடும் கூப்பாடு அந்தச் சுவரைத் தாண்டாது. இரண்டு ரூட்டர்களும் தற்செயலாக 192.168.1 என்ற ஒரே வரிசையில் முகவரி கொடுக்கத் தொடங்கினால் குழப்பம் இன்னும் கூடும். சில மெஷ் பெட்டிகள் அதை உணர்ந்து தம் வரிசையைத் தாமே மாற்றிக்கொள்ளும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

தீர்வு எளிது: ஒருவர் விலக வேண்டும். மெஷ்ஷின் செயலியில், அதை ரூட்டராக அல்லாமல் அக்சஸ் பாயிண்டாக இயக்கும் தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் முகவரி வழங்கும் பொறுப்பு ஓ.என்.டி.யிடமே இருந்துவிடும், மெஷ் வைஃபையை மட்டும் பரப்பும். அல்லது நிறுவனத்தாரிடம் கேட்டு ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றிவிட்டால், அது ஒளியை மின்குறியாக மாற்றுவதோடு நின்றுகொள்ளும், மற்ற பொறுப்பெல்லாம் மெஷ்ஷுக்கு வரும். குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற மெஷ் வசதிகள் வேண்டுவோருக்குப் பின்னதுதான் பொருந்தும். பல மெஷ்களில், அக்சஸ் பாயிண்டாக மாற்றியதும் அவ்வசதிகள் மறைந்துவிடுகின்றன. பிரிட்ஜ் நிலைக்கு மாற்றும்போது இணைப்புக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படலாம் என்பதால், அவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஓ.என்.டி.யின் வைஃபையை அணைத்துவிட மறக்க வேண்டாம். அதற்கும் மெஷ்ஷுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டால் ஒன்றாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். பெயர் ஒன்றானாலும் மெஷ் அந்த அந்நியப் பெட்டியைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளாது.

கேள்வி: பென்னாகரம் அருகே கிராமம். கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மெஷ் பெட்டிகள் அணைந்து எரிகின்றன. நெட் திரும்ப வர ஐந்து நிமிடமாகிறது. அதன் பிறகும் மேலே உள்ள பெட்டியில் சிவப்பு விளக்கே நிற்கிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பதில்: பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் இன்வர்ட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு இன்வர்ட்டர்களில் யு.பி.எஸ். என்றும் நார்மல் என்றும் இரண்டு நிலைக்கு ஒரு விசை இருக்கும். நார்மல் நிலையில், மின்சாரம் போன பிறகு பேட்டரிக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது ஒரு சிமிட்டல்தான், ஆனால் ரூட்டரின் சிறிய அடாப்டருக்கு அந்தச் சிமிட்டலே போதும், அது அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். யு.பி.எஸ். நிலையில் மாற்றம் விரைவாக நடக்கும்.

அதை மாற்றினால் முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் நீங்கள் கிராமத்தில் இருக்கிறீர்கள். யு.பி.எஸ். நிலையில் இன்வர்ட்டர் பொதுவாக 180 வோல்ட்டுக்குக் குறைந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மல் நிலையில் 100 வோல்ட் அளவு வரைகூடப் பொறுத்துக்கொள்ளும். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் உங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குமானால், யு.பி.எஸ். நிலை பேட்டரியை நாள் முழுதும் உறிஞ்சித் தீர்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வர்ட்டரை அதன் போக்கில் விட்டுவிட்டு, ரூட்டருக்கென்று விற்கும் மினி யு.பி.எஸ். ஒன்றை ஓ.என்.டி.க்கும் தலைமைப் பெட்டிக்கும், இன்னொன்றை மேலே உள்ள பெட்டிக்கும் வைப்பதே நல்லது. வாங்கும் முன் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் வோல்ட்டும் ஆம்பியரும் என்னவென்று பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் மட்டும் தரும் யு.பி.எஸ்ஸைக் கொடுத்தால், சும்மா இருக்கும்போது ஓடும். நாலு பேர் படம் பார்க்கத் தொடங்கியதும் அணைந்துவிடும். பழைய அடாப்டர் தளர்ந்துபோனாலும் இதே குறிதான் தெரியும் என்பதால், காரணமின்றித் தானாகவே அணைந்து எரியும் பெட்டிக்கு முதலில் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது வழக்கம்.

மேலே சிவப்பு விளக்கு நிற்பதற்குக் காரணம், எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்து, தலைமைப் பெட்டி ஆயத்தமாவதற்குள் மேலே உள்ளது தேடிக் களைத்துப்போவதாக இருக்கலாம். முதலில் ஓ.என்.டி., அதில் இணைய விளக்கு வந்த பிறகு தலைமைப் பெட்டி, அது நிலைபெற்ற பிறகு மற்றவை என்ற வரிசையில் ஏற்றிப் பாருங்கள். அப்படி ஏற்றினால் ஒவ்வொரு முறையும் சேர்ந்துவிடுகிறது என்றால் பெட்டி நலமாகவே இருக்கிறது. ஓ.என்.டி.யிலேயே எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், அது ஒளியே வந்து சேரவில்லை என்பதன் அடையாளம்; இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது, அங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

கேள்வி: பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டிலிருந்து சுமார் இருநூறு அடி தள்ளி இருக்கும் புழு வளர்ப்பு மனையில் ஒரு கேமராவும், வெப்பம் ஈரப்பதம் காட்டும் சிறு கருவியும் வைத்திருக்கிறோம். நடுவில் நாலைந்து மாமரங்கள். மனையிலேயே ஒரு மெஷ் பெட்டி வைத்தும் கேமரா அடிக்கடி விட்டுப்போகிறது. புதிதாக வாங்கிய கருவி சேரவே மறுக்கிறது.

பதில்: இரண்டு வேறு குறைகள், சிறியதை முதலில் முடித்துவிடுவோம். இத்தகைய விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். மெஷ் இரண்டு அலைக்கற்றைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால், கருவியைச் சேர்க்கும் நேரத்தில் உங்கள் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், சில கருவிகள் அதனால் குழம்பும். மெஷ் செயலியில் ஐ.ஓ.டி. வலை (இத்தகைய சிறு கருவிகளுக்கான தனி வலை) என்றோ விருந்தினர் வலை என்றோ 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் உண்டாக்கி, அதில் சேர்த்துப் பாருங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று இருந்தால் அந்தத் தனி வலைக்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ.2 ஆக மாற்றுங்கள். மூன்றாவது வகை 2018-இல் வந்தது, பல சிறு கருவிகளுக்கு இன்றும் அது தெரியாது.

பெரிய குறை அந்த இருநூறு அடிதான். வீட்டுக்குள் வைப்பதற்கென்று செய்த பெட்டி, வெளிச்சுவரையும் தாண்டி, மரங்களையும் தாண்டி, மனையின் சுவரையும் தாண்ட வேண்டியிருக்கிறது. இலை என்பது பெரும்பாலும் தண்ணீர். மழைக்குப் பின் நனைந்த மாமரம் இன்னும் கெட்டியான திரை. ஜனவரியில் நன்றாக வந்தது, மரம் தழைத்த பிறகு கெட்டது என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதற்கு அதுவே விளக்கம் என்று கருதுகிறேன். கிளைகளுக்கு மேலே நேர்ப்பார்வை கிடைக்குமானால், இரண்டு முனைகளிலும் ஒன்றையொன்று நோக்கி வைக்கும் வெளிப்புற வயர்லெஸ் பாலக் கருவிகள் கிடைக்கின்றன. இருநூறு அடி அவற்றுக்கு ஒரு தொலைவே அல்ல.

கேபிள் இழுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை, அதாவது 328 அடி வரை, தளராமல் ஓடும். உங்கள் தொலைவு அதற்குள் அடங்குகிறது. ஆனால் இரண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பியை இழுக்க நான் சொல்லமாட்டேன். கோடையில் இடி விழும்போது, அருகில் எங்கு விழுந்தாலும் நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து, இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளை ஒரே நொடியில் தீர்த்துவிடக்கூடும். இரண்டு கட்டடங்களின் எர்த் நிலை வேறுபடுவதும் ஒரு தொல்லை. அதற்குப் பதிலாக வெளிப்புற ஃபைபர் இழையை இழுத்து, இழையின் ஒளியை லேன் கேபிளுக்கான மின்குறியாக மாற்றும் மீடியா கன்வர்ட்டரை முனைக்கு ஒன்றாக வைத்து, மனையில் உள்ள மெஷ் பெட்டியை அதில் செருகிவிடுங்கள். ஒளிக்கு இடியும் தெரியாது, மாமரமும் தெரியாது. வாங்கும் இழையில் தாங்குகம்பியோ உலோகக் கவசமோ இல்லாத வகையாகப் பாருங்கள். உலோகம் இருந்தால் இடிக்குப் பழைய வழியே திறந்துவிடும். உங்கள் ஊரில் ஃபைபர் இணைப்புப் போடும் பையன்களிடமே இழையும், முனை ஒட்டும் கருவியும் இருக்கும். புழு வளர்ப்பு மனையில் கிருமிநீக்கம் செய்யும் நாட்களில் பெட்டியையும் கன்வர்ட்டரையும் வெளியே எடுத்து வைத்துவிடவும்; அந்த ஈரமும் மருந்தும் மின்பலகைகளுக்கு ஆகாதவை.

கேள்வி: ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பகலில் நன்றாக இருக்கும் வைஃபை இரவு எட்டு மணிக்கு மேல் தள்ளாடுகிறது. சில நாட்களில் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடம் முழுதாக மறைந்து திரும்ப வருகிறது. மேலும், படுக்கையறைக்குப் போன பிறகும் கைபேசி கூடத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில்: இரவு எட்டு மணிக்கு மேல் உங்களோடு சேர்ந்து மாடி முழுவதும் வீடு திரும்பியிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத தடங்கள் (சேனல்கள்) மூன்றுதான்: 1, 6, 11. மூன்று தடங்களை முப்பது வீடுகள் பகிர்ந்துகொள்ளும்போது வேறு என்ன ஆகும்? தடத்தின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் 20-க்குக் குறையுங்கள். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது தனி வீட்டுக்குச் சரி, அடுக்குமாடியில் அது பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் சேர்த்து வாங்குவதாகும். மூன்றுக்கு நடுவே 3, 9 என்று புதுத் தடம் தேடிப் போவதும் தவறு; அங்கே போனால் இருபுறத்துச் சத்தமும் கேட்கும். கணினி, தொலைக்காட்சி, கைபேசி ஆகியவற்றை 5-க்கு மாற்றிவிட்டு, 2.4-ஐச் சிறு கருவிகளுக்கு விட்டுவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் மறைந்து வருவது வேறு காரணத்தால். அந்த அலைக்கற்றையின் நடுப்பகுதியில், தடம் 52 முதல் 144 வரை, ரேடார்களுக்கே முன்னுரிமை. அங்கே இயங்கும் பெட்டி, ரேடாரின் துடிப்பு என்று எதையாவது உணர்ந்தால் பத்து நொடிக்குள் விலகி வேறு தடத்துக்குப் போக வேண்டும். அதுவும் அதே பகுதியில் அமைந்தால், குறைந்தது ஒரு நிமிடம் செவிகொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கலாம். நீங்கள் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தோடு இது பொருந்துகிறது. தடத்தை 36 முதல் 48-க்குள்ளோ 149-க்கு மேலோ நிலையாக வைத்தால் இந்த மறைவு நின்றுவிடும். தடத்தைத் தேர்வு செய்ய விடாத மெஷ்களும் உண்டு. பெட்டி தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று பெருமையாக விளம்பரப்படுத்துகிறார்கள். எனக்கு அது வசதியாகத் தோன்றவில்லை, கையைக் கட்டிப்போட்டதாகத் தோன்றுகிறது.

கைபேசி கூடத்துப் பெட்டியை விடாததற்குக் கைபேசிதான் பொறுப்பு. எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதை முடிவு செய்வது கைபேசியே. மெஷ் யோசனை மட்டும்தான் சொல்ல முடியும். கூடத்துப் பெட்டி உரக்கப் பேசுவதால் கைபேசிக்கு அது நன்றாகக் கேட்கிறது, ஆனால் கைபேசியின் மெல்லிய குரல் பெட்டிக்குச் சரியாக எட்டுவதில்லை. செயலியில் ஒலிபரப்பு ஆற்றலைக் குறைக்க வழியிருந்தால் கூடத்துப் பெட்டிக்கு ஒரு படி குறையுங்கள். கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆனால் சத்தம் குறைந்தால்தான் கைபேசி வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். ஃபாஸ்ட் ரோமிங் என்ற வசதியை இயக்கினால் இந்தக் கைமாற்றம் விரையும், ஆனால் பழைய அச்சுப்பொறியோ கேமராவோ அதன் பிறகு சேர மறுத்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியதும் அந்த வசதியைத்தான்.

கேள்வி: அரூரில் புது வீடு கட்டும்போதே சுவருக்குள் லேன் கேபிள் பதித்து, எல்லா மெஷ் பெட்டிகளையும் கம்பியால் இணைத்திருக்கிறோம். 300 மெகாபிட் திட்டம். ஒரு பெட்டியில் மட்டும் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை. அதுவும் கூரையைத் தொட்டதுபோல் அதே எண்தான்.

பதில்: அந்த 94 தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக. நான்கு ஜோடியும் சரியாக இருந்தால் 1000 மெகாபிட் தடம் அமையும். ஒரு ஜோடி அறுந்தாலோ, முனையில் சரியாகப் பதியாமல் போனாலோ, இரு பக்கத்துப் பெட்டிகளும் தமக்குள் பேசி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அதற்கு இரண்டு ஜோடி போதும். மேல்செலவு போக அதில் கைக்கு வருவது ஏறக்குறைய 94. காற்றுவழிக் குறையாக இருந்தால் எண் இப்படி ஒரே இடத்தில் நிற்காது, ஏறியிறங்கும். இரு முனைகளையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்; எலக்ட்ரீஷியன் நான்கு கம்பிகளை மட்டும் பொருத்திவிட்டு, மீதியை மடித்து விட்டிருப்பதும் உண்டு. நடுவில் பழைய ஸ்விட்ச் ஏதேனும் இருந்தால் அது 100 மெகாபிட் வகையா என்றும் பாருங்கள். முனைகளை மாற்றியும் ஏறவில்லை என்றால், பதித்த கேபிள் முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். சுவருக்குள் வளைத்து இழுக்கும்போது எளிதில் முறியக்கூடியது.

கேள்வி: ரூட்டரின் யு.எஸ்.பி. துளையில் ஹார்டு டிஸ்க் மாட்டிய நாளிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் கெட்டுவிட்டது என்று என் பேரன் சொல்கிறான். இரண்டுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? – ஊத்தங்கரை

பதில்: பேரன் சொல்வது சரி. யு.எஸ்.பி. 3.0 வேகத்தில் ஓடும் கருவியும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் இரைச்சலைக் கசியவிடுகின்றன; ரூட்டரின் ஆன்டெனாவுக்கு அருகில் அது நேர்ந்தால் சிக்னல் மங்கும். டிஸ்க்கை நல்ல கவசமுள்ள நீளமான கேபிளில் மாட்டி மூன்றடி தள்ளி வையுங்கள், அல்லது ரூட்டர் அமைப்பில் அந்தத் துளையை யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு இறக்கிவிடுங்கள்.